ஸ்கை தீவில் கடற்கரை நடைக்கு வண்டி பேசுகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போகப்போகிறவர்கள், டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன அக்டோபரில் நான், மனைவி, அப்பா மூன்று பேரும் போனோம். போர்ட்ரீயில் இரண்டு இரவு தங்கினோம். நடுவில் கிடைத்த ஒரே முழு நாளுக்கு வண்டியும் கைடும் சேர்த்து 360 பவுண்டு பேசி முன்பதிவு செய்தேன். முழுநாள் கடற்கரை நடை, டைனோசர் காலடித் தடங்கள், நீஸ்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கம் என்று விளம்பரத்தில் தெளிவாகவே இருந்தது. கார்டில் கட்டாமல் நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பத்து சதவீதம் குறைக்கிறோம் என்றார்கள். சரி என்று 324 பவுண்டு அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

அப்பா புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாஃபின் பக்கத்தில் ஆன் கோரன் கடற்கரைப் பாறையில் இருக்கும் அந்தத் தடங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. 2002-ல் உள்ளூர்க்காரர் ஒருவர் கண்ணில் முதலில் பட்டவை அவை. வயது சுமார் 16.5 கோடி ஆண்டுகள். சில தடங்கள் அரை மீட்டர் நீளம் இருக்கும். பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பதற்காக, பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய மர ஸ்கேலை ஊரிலிருந்தே சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

வண்டி ஒன்பது மணிக்கு வந்தது. ஸ்டாஃபின் அங்கிருந்து முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் கைடு முதலில் ஒரு கம்பளிக் கடையில் நிறுத்தினார். அப்புறம் அவருக்குத் தெரிந்த ஒரு உணவகம். இரண்டிலும் சேர்த்து மூன்று மணி நேரம் போய்விட்டது. "கடல் இறங்கியிருக்கும்போதுதான்டா தடம் தெரியும், கேட்டுப் பாரு" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். கேட்டேன். எல்லாம் கணக்குப் பண்ணித்தான் கூட்டிப்போகிறேன் என்றார் கைடு. கில்ட் ராக்கில் பத்தே நிமிடம். பாவாடை மடிப்பு போல நிற்கும் அந்தப் பாறைச் சுவரையும், 55 மீட்டர் உயரத்திலிருந்து நேரே கடலில் விழும் மீல்ட் அருவியையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

ஆன் கோரன் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. இறங்கும் முன் கைடு, கடற்கரை நுழைவுக் கட்டணம் தலைக்கு 15 பவுண்டு, ரொக்கமாக வேண்டும் என்றார். 45 பவுண்டு கொடுத்தோம். ரசீது தரவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால் பாறையே இல்லை, தண்ணீர்தான். கரையோரக் கற்கள் வரை அலை ஏறி, கடற்பாசியைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்கேலைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை ஏழரைக்குக் கடல் நன்றாக இறங்கியிருந்தது என்பதையும், நாங்கள் போனது ஏறக்குறைய உச்ச ஏற்றத்தில் என்பதையும் இரவு அறையில், கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எந்த நாளுக்கு எத்தனை மணி என்பது மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

நீஸ்ட் பாயிண்ட்டில் இருபது நிமிடம் கொடுத்தார். செங்குத்தான படிகளில் இறங்கிக் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அது கண்ணிலேயே படாது. 1909-லிருந்து எரியும் அந்த விளக்கத்தைப் பார்க்காமலே திரும்பினோம். மறுநாள் அதிகாலையில் பஸ், தங்கவும் வழியில்லை.

அந்த 15 பவுண்டு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2003-ம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் கடற்கரையிலும் மலையிலும் இலவசமாக நடக்கலாம். சில இடங்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு, அதைத் தனியாகக் கட்ட வேண்டும். கடற்கரையில் கால் வைப்பதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

டூர் பேசும்போது, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவோம், அங்கே எவ்வளவு நேரம் நடப்போம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதை ஓத அட்டவணையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கோடையில் மணல் மூடி, கடல் இறங்கினாலும் தடம் தெரியாமல் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுபடி தந்தாலும் வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே பணம் கேட்டிருக்கலாம்.

மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். கடல் எங்கள் கையில் இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. நுழைவுக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளூர் கவுன்சிலில் வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்கையில் இதே மாதிரி கடற்கரைக் கட்டணம் கொடுத்தவர்கள் இருந்தால், எந்தத் தேதி, எந்தக் கடற்கரை என்று சொல்லுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.