16 நாள், ஒரு பை, இரண்டு ஈரிழைத் துண்டுகள்

சென்ற மார்கழியில் அம்மாவும் நானும் இராமேசுவரத்தில் தொடங்கி, பிரயாகை, காசி, கயை ஆகிய ஊர்களுக்குச் சென்று, மீண்டும் இராமேசுவரத்திலேயே முடிக்கும் யாத்திரையை 16 நாட்களில் முடித்து வந்தோம். அம்மாவுக்கு வயது 67. இரயில் நிலையப் படிகளிலும் காசியின் குறுகிய சந்துகளிலும் பெட்டியை இழுத்துச் செல்வது இருவருக்குமே ஆகாத காரியம் என்பதால், ஆளுக்கு ஒரு தோள்பை, அதுவும் ஆறு கிலோவுக்கு மிகாமல், என்று புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முடிவு செய்திருந்தோம். திரும்பி வந்து பைகளைக் காலி செய்தபோது, கொண்டுபோனவற்றுள் நாள் தவறாமல், நாளொன்றுக்கு நான்கைந்து முறையேனும் கைக்கு வந்த பொருள் எது என்று எண்ணிப் பார்த்தேன். சென்னிமலையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் 130 ரூபாய்க்கு வாங்கிய ஈரிழைத் துண்டுதான் அது. ஆளுக்கு இரண்டு வாங்கியிருந்தோம்.

குறைந்த சுமையுடன் பயணம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் பையைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் சுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஈரம்தான். இரவில் அலசிப் போட்ட துணி காலையில் உடுத்தும்படி உலர்ந்துவிடுமானால் இரண்டு மாற்றுடைகளே எத்தனை நாளுக்கும் போதும். உலராது என்றால் நான்கைந்து வேண்டும். உலராத துணியைத் தனியே கட்டி வைக்க ஓர் உறை வேண்டும். அந்த உறைக்குள் புழுங்கிப்போனதை மறுநாள் மீண்டும் துவைக்க வேண்டும். அன்றாடம் கட்டாயமாக நனையும் துணி துண்டு ஒன்றே. ஆகவே, எந்தத் துண்டை எடுத்துச் செல்கிறோம் என்பதைப் பொறுத்தே பையிலுள்ள மற்ற துணிகளின் எண்ணிக்கையும் அமைகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு டர்க்கி டவலிடமிருந்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைப் பயணத்துக்கு அதைத்தான் எடுத்துச் சென்றேன். வீட்டுத் தராசில் உலர்ந்த நிலையில் 520 கிராம் காட்டிய அந்தத் துண்டு, நனைத்துப் பிழிந்தபின் ஒரு கிலோவைத் தாண்டியது. அதன் பரப்பெங்கும் நிற்கும் சுருள் நூல்கள் தண்ணீரை நன்றாக உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சியதை எளிதில் விடுவதில்லை. அதே நீள அகலமுள்ள ஈரிழைத் துண்டின் எடை 160 கிராம். நனைத்துப் பிழிந்தாலும் 300 கிராமைத் தாண்டவில்லை.

ஈரிழை என்ற பெயரே நெசவைச் சொல்லிவிடுகிறது. ஒற்றை இழைக்குப் பதிலாக இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து நெய்வதால், துணி மெல்லியதாகவே இருந்தாலும் உறிஞ்சுவதற்குப் போதுமான பஞ்சு அதில் இருக்கிறது. சுருளோ அடர்த்தியோ இல்லாததால் காற்று அதன் ஊடே தடையின்றிப் புகுந்து போகிறது. வாங்கும்போது நூலின் நம்பரைக் கேட்டுக்கொள்வது நல்லது. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள், அதாவது நூற்கட்டுகள், எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுவே நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலிந்துகொண்டே போகும். பயணத்துக்கு மிக மெல்லிய நூலும் வேண்டாம், கனத்த நூலும் வேண்டாம். கடையிலிருந்த பெரியவர், துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், சமமாகத் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொன்னார். அவர் சொன்னபடி பார்த்தே நான்கையும் தேர்ந்தெடுத்தோம்.

புதுத் துண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நெசவுக்காக நூலுக்கு ஏற்றிய கஞ்சி போகும்வரை இத்துண்டு தண்ணீரை உறிஞ்சாது. மேனியில் வழுக்கிக்கொண்டு போகும். இது தெரியாமல் வாங்கிய அன்றே பயன்படுத்திப் பார்த்துவிட்டு, துண்டு சரியில்லை என்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன். அம்மா நான்கையும் ஓர் இரவு முழுவதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டார். இப்படி மூன்று முறை செய்தபின் துண்டு வேறு பொருளாகவே மாறிவிட்டது. கையில் எடுத்தால் பழைய வேட்டியைப்போலக் குழைந்தது.

போகும் வழியில் மதுரையில் அரை நாள் தங்கினோம். மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் தம் ஆடையைக் குறைத்துக்கொண்ட வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் வந்தபோது, கதர் உடுத்துமாறு அவர் வேண்டிய ஏழைகள், தங்களுக்கு அது கட்டுப்படியாகாது என்று தலையசைத்துவிட்டார்கள். அந்தப் பதில் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கடையில் கதர்த் துண்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். கையால் நூற்ற நூலின் ஏற்ற இறக்கம் தொடும்போதே தெரிகிறது; அது மேனிக்கு இதமானது. ஆயினும் ஈரிழையைவிடக் கனமாகப் பட்டதால், வீட்டுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொண்டோம்.

துண்டின் முதல் சோதனை இராமேசுவரத்தில் நடந்தது. அக்கினி தீர்த்தத்தில் கடல் நீராடிய பின், கோயிலுக்குள்ளிருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்த நிலையில் சுவாமி சந்நிதிக்குச் செல்ல இயலாது; உடை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். அம்மா கிழக்கே பார்த்து நின்றுகொண்டு, துண்டை நீளவாக்கில் பிடித்துக் கூந்தலை அதில் வைத்து முறுக்கி, இரண்டு நிமிடம் அப்படியே விட்டு அவிழ்த்தார். பிழியும்போது தண்ணீர் தரையில் கோடாக ஓடியது. அதே துண்டை உதறி மறுபடியும் முகம் துடைக்கக் கொடுத்தபோது அது நன்றாகவே துடைத்தது. அறைக்கு வந்து மாடிக் கொடியில் போட்டோம். கடற்காற்றில் ஒன்றரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

துண்டைத் துடைப்பதற்கு மட்டும் என்று கொண்டுபோவது அதன் பாதிப் பயனை இழப்பதாகும். இரயிலிலும் விடுதியிலும் துணி துவைத்த பிறகு நாங்கள் செய்ததை விளக்கமாகச் சொல்கிறேன். இந்த ஒரு வழக்கத்தால்தான் இரண்டு மாற்றுடைகளில் 16 நாளைக் கடத்த முடிந்தது. அலசிய குர்த்தியைக் கையால் பிழிந்துவிட்டு, உலர்ந்த துண்டைக் கட்டிலில் விரித்து அதன்மேல் சுருக்கமில்லாமல் பரப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டி, சுருளின் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். கை வலுவில்லாதவர்கள் சுருளின்மீது முழங்காலை ஊன்றி அழுத்தலாம். அம்மா அப்படித்தான் செய்தார். பிரித்துப் பார்த்தால் துண்டு நனைந்திருக்கும். குர்த்தி வெறும் குளிர்ச்சியாக மட்டும் இருக்கும். அதைத் தொங்கவிட்டால் மின்விசிறிக் காற்றிலேயே விடிவதற்குள் உலர்ந்துவிடும். ஆளுக்கு இரண்டாவது துண்டு எடுத்துச் சென்றது இதற்காகவே.

காசியில் நிலைமை வேறாக இருந்தது. மார்கழிப் பனிமூட்டத்தில் காலை பத்து மணிக்கும் கங்கையின் மறுகரை தெரியவில்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்ததால், இராமேசுவரத்தில் ஒன்றரை மணியில் காய்ந்த அதே துண்டு இங்கே ஓர் இரவு முழுவதும் தொங்கியும் விடியற்காலையில் சில்லென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் முதல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். பகலில் வெயில் எட்டிப் பார்த்த சிறிது நேரத்திலும் பையின் வாரில் முடிந்துகொண்டு நடந்தோம். குளிர்கால வட இந்தியாவுக்குப் போகிறவர்கள் மூன்று துண்டுகள் எடுத்துக்கொள்வதே சரி. மூன்றும் சேர்ந்தாலும் எடை அரைக் கிலோதான். படித்துறையில் கூடியிருந்தவர்களுள் பெரும்பாலோர் தோளில் போட்டிருந்த கம்ச்சா என்னும் துண்டும் இதே மெல்லிய நெசவுதான் என்பதைப் பார்த்தபோது, நீராடிப் பழகிய ஊர்கள் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன என்று தோன்றியது.

மைக்ரோஃபைபர் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணக் கடைகளில் இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நானும் ஓராண்டு பயன்படுத்தினேன். எடை குறைவு, கைக்குட்டை அளவுக்கு மடங்கும், விரைவில் உலரும் என்பவை எல்லாம் உண்மை. ஆனால் அது பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த இழை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியஸ்டருக்கு அது அரை விழுக்காடுகூட இல்லை. தண்ணீரை விலக்கும் அந்த இழை உடம்பின் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்வதால், நான்காம் நாளிலேயே வாடை வரத் தொடங்கியது. சவுக்காரத்துக்கும் அது போகவில்லை. பருத்தித் துண்டை ஒரு கொதி வெந்நீரில் போட்டால் புதிதாகிவிடும். துவைக்குந்தோறும் ஞெகிழி நுண்ணிழைகளை ஆற்றில் கலக்கவிடும் ஒரு பொருளை, நீராடுவதற்கென்றே செல்லும் ஊருக்குக் கொண்டுபோக எனக்கு மனம் ஒப்பவில்லை.

மற்றப் பயன்களை நம் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. பேருந்தில் இடம் பிடிப்பது முதல் தலைக்குச் சும்மாடு கட்டுவது வரை துண்டு அறியாத வேலை இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். அம்மாவின் தாத்தா தம் ஊர்த் தெருவில் நடக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. காசியின் தசாசுவமேத படித்துறையில் கூட்டத்தின் நடுவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றபோது அம்மா இதைச் சொன்னார். நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

குறைகள் உண்டு. நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், பெண்கள் படித்துறையில் உடை மாற்ற இதை மறைப்பாக நம்ப முடியாது. அதற்கு அம்மாவின் பழைய புடவையே உதவியது. சிவப்புக் கரை போட்ட துண்டு இரண்டாம் நாளில் என் வெள்ளைக் குர்த்தியில் சாயம் ஏற்றிவிட்டது. ஆகவே வெள்ளையிலோ, இளநிறக் கரையிலோ வாங்குவது நல்லது. முனையில் விட்டிருக்கும் நூல்கள் பிரிந்து வரும். மடித்துத் தைத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் தையலில்தான் ஈரம் தங்கும். ஜப்பானியரின் தெனுகுய் துண்டிலும் விரைவில் உலர்வதற்காகவே முனைகளைத் தைக்காமல் விடுகிறார்கள். நான் நான்கு நான்கு நூல்களாகச் சேர்த்து முடிச்சிட்டேன், அதன்பின் பிரியவில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. சில வகைத் துண்டுகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. கைத்தறி முத்திரை 2006இல் அறிமுகமானது. இருந்தும், ஒரு பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் பருத்தி என்று சொல்லி எனக்கு முன்பொரு முறை கலப்பு நூல் துண்டை விற்றுவிட்டார்கள். ஐயம் இருந்தால் முனையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சிறு மணியாக இறுகும்.

யாத்திரை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நான்கு துண்டுகளில் மூன்று இப்போதும் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கின்றன. கங்கை நீர்ச் செம்பைச் சுற்றிக் கொண்டுவந்த நான்காவதை அம்மா துவைத்து மடித்துத் தம் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார், அடுத்த பயணத்துக்கு என்று.