குன்னூர் ஈரத்தில் ஒரு பழைய ஜோடி: செலஸ்டியன் டிட்டன் 15

இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்து எழுபதுகளிலும் விற்ற டிட்டன் 15 என்ற ஸ்பீக்கர் ஜோடியை, மேல் குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது வாங்கினேன். தென்மேற்குப் பருவமழையையும், குன்னூரை அதைவிடக் கூடுதலாக நனைக்கும் வடகிழக்குப் பருவமழையையும் அந்தப் பெட்டிகள் என் வீட்டில் கடந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நீலகிரியில் நடுத்தர அளவு அறையில் இசை கேட்கிறவருக்கு, நியாயமான விலையில், இதைவிடப் பொருத்தமான பழைய ஜோடி எளிதில் அமையாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பொருத்தத்துக்கான காரணங்களில் பாதி ஒலியைச் சேர்ந்தவை, மீதிப் பாதி ரப்பரையும் மரத்தையும் காற்றையும் சேர்ந்தவை.

சமவெளியில் தேடினாலும் கிடைக்காத ஒலிச் சாதனங்கள் இந்த மலையில் தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. தேயிலைத் தோட்டங்களின் மேலாளர் பங்களாக்கள், வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்து ஓய்வுக்குப் பின் இங்கேயே தங்கிவிட்ட அதிகாரிகளின் வீடுகள், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுக் குளிருக்காக வந்து குடியேறியவர்களின் வீடுகள் ஆகியவற்றில் எழுபதுகளின் டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபயரும் இன்னும் துணி போர்த்தியபடி இருக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ நிலைபெற்றுவிட, வீட்டை விற்கும் நாள் வரும்போது அவை வெளியே வருகின்றன. குன்னூர், கோத்தகிரி, அரவங்காடு ஆகிய ஊர்களில் இருக்கும் எங்கள் சிறு நண்பர் வட்டத்தில் இப்படிப்பட்ட செய்தி யார் காதில் விழுந்தாலும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவது வழக்கம். ஒருவர் பார்க்கப் போகும்போது இன்னொருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதும், ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கு மற்றவர் விலையை ஏற்றாமலிருப்பதும் எழுதப்படாத ஒழுங்காக இருந்துவருகின்றன. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இவ்வளவு சிறிய ஊரில் இந்தப் பொழுதுபோக்கு பகையில்தான் முடியும்.

டிட்டன் 15ஐப் பார்க்க என்னுடன் வந்தவர் கோத்தகிரிப் பக்கத்துப் படுக நண்பர், என்னைவிட மூத்தவர். விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மையார் விலையிலிருந்து பேச்சைத் தொடங்கியபோது அவர் குறுக்கிட்டு, "அம்மா, விலையை அப்புறம் பேசிக்கலாம். தம்பி ஒரு இசைத்தட்டு முழுசாக் கேட்கட்டும், அதுக்கு நீங்க மனசு வைக்கணும்" என்றார். அம்மையார் முகம் சுளிக்காமல் தேநீரும் கொடுத்து, பிற்பகல் முழுவதும் எங்களை அந்தக் கூடத்தில் விட்டுவிட்டார். பழைய ஸ்பீக்கரை, விற்பவர் வைத்திருக்கும் இடத்திலேயே, நன்கு பழகிய நம் சொந்தத் தட்டை வைத்து, அரை மணி நேரமாவது கேட்காமல் வாங்கக் கூடாது. மின்சாரம் இல்லை, ஆம்ப்ளிஃபயர் பழுது என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவதே நல்லது.

பொருளைப் பற்றி இனி விரிவாகச் சொல்கிறேன். செலஸ்டியனின் ஆலை ஒருகாலத்தில் இருந்த தேம்ஸ் டிட்டன் என்ற ஊரின் பெயரே இந்த வரிசைக்கு வைக்கப்பட்டது. தேக்கு அல்லது வால்நட் வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய ஒடுங்கிய பெட்டிக்குள், கீழ் சுருதிகளை ஒலிக்கும் 8 அங்குல ஊஃபர் ஒன்றும், மேல் சுருதிகளை ஒலிக்கும் எச்.எஃப். 1300 என்ற ட்வீட்டரும், ஏ.பி.ஆர். என்று நிறுவனம் பெயரிட்ட துணை அதிர்வுத் தட்டும் இருக்கின்றன. இந்தத் தட்டுக்குக் காந்தமோ, மின்சாரம் பாய்ந்து அசையும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலோ கிடையாது; ஊஃபர் உள்ளும் புறமும் அசையும்போது பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்று இதைத் தள்ளி இழுக்க, இதன் எடையும் அந்தக் காற்றின் விறைப்பும் சேர்ந்து கீழ் சுருதிகளில் ஒத்திசைகின்றன. பெட்டியில் துளையிட்டுக் குழாய் வைக்கும் முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதில் உரத்த ஒலியின்போது காற்று சீறும் ஓசை எழுவதுண்டு, இதில் அது இல்லை. மலையில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: பெட்டி முழுக்க மூடியிருப்பதால் மேகமூட்டத்தின் ஈரமும் பூச்சிகளும் துளை வழியே உள்ளே புக வாய்ப்பில்லை.

ஈரம்தான் இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எழுபதுகளில் பல நிறுவனங்கள் ஊஃபரின் அதிரும் கூம்பான கோனின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் சரவுண்டை பாலியூரிதேன் நுரையால் செய்தன. அந்த நுரை ஈரக் காற்றில் வேதிமாற்றம் அடைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு விரல் பட்டால் பொடியாக உதிர்ந்துவிடும். வறண்ட ஊரில் இருபது ஆண்டு தாங்குவது இங்கு அவ்வளவு காலம் தாங்குவதில்லை. என் ஜோடியில் இருப்பது ரப்பர் சரவுண்ட். அது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விறைக்கவில்லை, வெடிக்கவில்லை. மலையில் பழைய பெட்டியைப் பார்க்கப் போகிறவர் கிரில் துணியைக் கழற்றிச் சரவுண்டை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வேறு எதையும் பேச வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்டியின் அடிப்பலகை. அந்தக் காலப் பெட்டிகளில் பெரும்பாலானவை மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்டால் ஆனவை; தரையில் நேரடியாக வைத்திருந்தால் அடி ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, வெனீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே எவ்வளவு மெருகு ஏற்றியிருந்தாலும் அந்தப் பருமன் மறையாது. துணியில் பூசணம் பூத்திருப்பதைத் துடைத்து எடுத்துவிடலாம், அதற்காக ஒரு நல்ல ஜோடியை விட்டுவிட வேண்டியதில்லை.

டிட்டன் 15க்கென்றே ஒரு சோதனை உண்டு, அதைச் சொல்லித் தந்தவர் அரவங்காட்டு நண்பர். ஊஃபரின் கோன் மீது இரு புறமும் விரல்களை விரித்து வைத்து மிக மெல்ல உள்ளே அழுத்தினால், துணைத் தட்டு தானாக வெளியே வர வேண்டும். விரலை எடுக்காமல் வைத்திருக்கும் வரை அதுவும் வெளியே நிற்க வேண்டும். உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் பெட்டியில் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். ஒட்டுப் பசை விட்டுப்போன மூலையோ, பின்புற சாக்கெட்டைச் சுற்றிய இடைவெளியோ காரணமாக இருக்கலாம். கசியும் பெட்டியில் அடித்தளச் சுருதி மெலிந்து, துணைத் தட்டு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இதே அழுத்தத்தின்போது உரசும் ஓசை கேட்டால் வாய்ஸ் காயில் இடைவெளியில் இடறுகிறது என்று தெரிந்துகொண்டு, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ ஒலிப்பதிவு ஒன்றை இரண்டு பெட்டியிலும் ஒலிக்கவிட்டு நடுவில் அமர்ந்து கேட்க வேண்டும். பாடகர் குரல் நடுவில் ஒரு புள்ளியில் நிற்காமல் அறையெங்கும் பரவிக் கிடந்தால், ஏதோ ஒரு பெட்டியில் வயர்கள் மாற்றி இணைக்கப்பட்டிருக்கின்றன அல்லது ஒரு ட்வீட்டர் சோர்ந்துவிட்டது.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல் இங்கு வேண்டும், ஏனெனில் இதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குக் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்திருப்பதால் அதே கோன் அதே அளவு அசைந்தாலும் எழும் ஒலி ஒன்றரை டெசிபல் அளவுக்குக் குறைகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் விறைப்பும் குறைவதால், துணைத் தட்டின் ஒத்திசைவு சற்றே கீழிறங்குகிறது. எட்கர் வில்ச்சர் 1954ல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் மூடிய பெட்டிகளுக்கும் இதே விதி பொருந்தும், ஏனெனில் அவற்றில் காற்றே முதன்மையான ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. காது பெரிதாக உணரும் மாற்றம் இது இல்லை என்றாலும், கோயம்புத்தூரில் கேட்ட ஒரு ஜோடியை இங்கே கேட்கும்போது வால்யூம் குமிழைச் சற்று அதிகமாகத் திருப்ப வேண்டியிருப்பதற்குக் காரணம் ஆம்ப்ளிஃபயரின் சோர்வு இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நிம்மதி தருகிறது.

இனி ஒலி. டிட்டன் 15இன் உயிர் குரலிலும், குரலை ஒத்த கருவிகளிலும் இருக்கிறது. வாய்ப்பாட்டுத் தட்டு ஒன்றை வைத்தால் பாடுகிறவரின் மூச்சு, சொல்லின் கடைசி மெய்யெழுத்து, தம்புராவின் ஜீவா என்ற ரீங்காரம் எல்லாம் தனித்தனியாகத் துலங்குகின்றன. எதுவும் முன்னால் பாய்ந்து காதைக் குத்துவதில்லை. வீணையில் கமகம் இழுபடும்போது தந்தியின் இழுவை கேட்கிறது. வயலினின் மேல் ஸ்தாயி இனிப்பாகவே இருக்கிறது, கூச்சல் இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியிலிருந்து எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி இவ்வளவு சிறிய பெட்டியிலிருந்து வருவதா என்று முதன்முறை கேட்கிறவர்கள் எல்லோரும் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். அது உருண்டையாகவும் வடிவத்தோடும் வருகிறது, வலப்பக்கமான வலந்தலையின் மீட்டு அதற்குள் மூழ்கிப் போவதில்லை. கொல்கத்தா டம்டமில் இருந்த எச்.எம்.வி. ஆலையில் அழுத்தப்பட்ட எழுபதுகளின் திரையிசைத் தட்டுகளில் மேல் சுருதி பல நேரம் கரகரப்பாக இருக்கும். இந்த ட்வீட்டர் அந்தக் கரகரப்பைப் பெரிதாக்காமல் பாட்டை மட்டும் எடுத்துத் தருவதால், இன்றைய கூர்மையான ஸ்பீக்கர்களில் கேட்கச் சகிக்காத பல தட்டுகள் என் அலமாரியிலிருந்து மீண்டும் வெளியே வந்திருக்கின்றன. இதற்காகவே நான் இந்த ஜோடியை நேசிக்கிறேன்.

குறைகளும் உண்டு. எச்.எஃப். 1300 மனிதக் காது எட்டும் கடைசி எல்லை வரை செல்லும் ட்வீட்டர் இல்லை. அதே ட்வீட்டரைப் பயன்படுத்திய ஸ்பெண்டர் நிறுவனத்தின் பி.சி. 1 ஸ்பீக்கரில் அதற்கு மேலேயுள்ள சுருதிகளுக்கென்று இன்னொரு ட்வீட்டரைத் தனியாகச் சேர்த்தார்கள் என்பதே இதைப் புலப்படுத்தும். டிட்டன் 15இல் அந்தக் கூடுதல் ட்வீட்டர் இல்லாததால் ஜால்ராவின் ஒலி எழும்பிக் காற்றில் கரையும் அந்தக் கடைசி நுனி சற்று மழுங்கியே கேட்கிறது. தவிலும் நாகசுரமும் கோயில் வீதியில் ஒலிக்கும் அளவுக்கு வைத்தால் பெட்டி திணறுவது தெரிகிறது. எங்கள் வட்டத்தில் ஒருவரிடம் ஜே.பி.எல். நிறுவனத்தின் எல். 100 ஸ்பீக்கர் இருக்கிறது, 1970ல் வந்த, 12 அங்குல ஊஃபர் கொண்ட அந்தப் பெட்டி தவிலின் அடியை நெஞ்சில் உணரவைக்கிறது, அந்த வேலைக்கு டிட்டன் ஈடு கொடுக்காது. ஆனால் குரலுக்கு வந்தால் அந்த நண்பரே என் வீட்டுக்கு வருகிறார்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்குள்ள பழைய வீடுகளில் மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். பெட்டியை நேரே தரையில் வைத்தால் பலகைகளும் சேர்ந்து அதிர்ந்து, கீழ் சுருதிகள் எல்லாம் ஒரே முழக்கமாகக் குழம்பிவிடும். கடப்பாக் கல் துண்டின் மீது தாழ்ந்த இரும்பு ஸ்டாண்ட், அதன் மீது பெட்டி என்று வைத்த பிறகுதான் என் வீட்டில் இது தெளிந்தது. சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைப்பது ஒலிக்கும் நல்லது, பின்பலகையில் ஈரம் ஏறாமலிருக்கவும் உதவும். குளிர்கால இரவுகளில் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெனீர் சுருண்டு எழும். தகரக் கூரை வீடுகளில் அடைமழை நேரத்தில் எந்த ஸ்பீக்கரும் பயன்படாது. அந்த நேரத்தைத் தட்டுகளைத் துடைக்க ஒதுக்கிவிடலாம்.

பழுது பார்ப்பதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கோன் கிழிந்த ஊஃபரை மைக்செட் ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றிக்கொடுக்கும் கடைகளில் தரக் கூடாது. அவர்கள் தம் வேலையில் தேர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்களிடம் இருக்கும் கோனின் எடையும் விறைப்பும் வேறு. எடை மாறினால் துணைத் தட்டோடு உள்ள இசைவு கெட்டு, பெட்டி வேறு ஒரு பெட்டியாகிவிடும். இரண்டாவது, ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் அரை நூற்றாண்டில் தம் அளவிலிருந்து நகர்ந்திருக்கும், உள் மின்தடையும் ஏறியிருக்கும். ட்வீட்டர் மங்கலாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதே அளவுள்ள புதிய பைபோலார் கபாசிட்டரைப் போட்டால் போதும். விலை உயர்ந்த ஃபிலிம் கபாசிட்டரைப் போடுகிறவர்கள், அதன் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால் ட்வீட்டர் முன்பைவிடத் தூக்கலாக ஒலிக்கக்கூடும் என்பதை அறிந்து, தேவைப்பட்டால் ஒரு சிறு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்க்க வேண்டும். எங்கள் வட்டத்தில் கழற்றிய கபாசிட்டர்களை எறிவதில்லை. பின்னால் வாங்குகிறவருக்கு மூல அளவு தெரிய வேண்டும் என்பதால் உறையில் இட்டுப் பெட்டியோடு சேர்த்தே தருகிறோம்.

இரண்டு பெட்டிகளும் ஒரே காலத்தில் செய்யப்பட்டவையா என்பதைப் பின்புற வரிசை எண்களை வைத்துப் பார்த்து, மேலே சொன்ன சோதனைகளில் தேறிய ஜோடிக்கு முப்பதாயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. ஊஃபரோ ட்வீட்டரோ மாற்றப்பட்டிருந்தால் அதில் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன். பெரிய கூடம் உள்ளவர்கள் இதே வரிசையில் துணைத் தட்டோடு வந்த பெரிய பெட்டியான டிட்டன் 66க்குக் காத்திருக்கலாம். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், வைக்கத் தரையும் உறுதியாக இருக்க வேண்டும்.