எழுதியதைக் காதால் திருத்துவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கட்டுரையின் முதல் வரைவை முடிப்பதோடு வேலை பாதிதான் ஆகிறது. மிச்சப் பாதிக்கு எந்தெந்த வழிகள் நிஜமாகவே கைகொடுத்தன என்பதைச் சில ஆண்டுகள் புழங்கிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். என் திருத்தும் முறையை மாற்றியது எந்தப் பிழைதிருத்தியும் இல்லை. எழுதியதை இயந்திரக் குரலில் கேட்பதுதான்.

மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் இருக்கும் 'ரீட் அலவுட்' வசதியையே அதிகம் பயன்படுத்துகிறேன். இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்ற இரண்டு குரல்கள் உண்டு. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் இருக்கின்றன. நாமே வாய்விட்டுப் படித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது போதவில்லை. நம் வரியை நாம் படிக்கும்போது, மனதில் நினைத்த இடத்தில் மூச்சு விடுகிறோம். விட்டுப்போன சொல்லை மனமே இட்டு நிரப்பிவிடுகிறது. இயந்திரத்துக்கு நம் நினைப்பு தெரியாது. இருப்பதை மட்டும் படிக்கும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இந்த வழி கூடுதலாக உதவுகிறது. 'சென்று', 'பார்த்து', 'விசாரித்து' என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முற்று வந்து சேரும்போது எழுவாய் எதுவென்று மறந்துவிடும். கண்ணுக்கு இது உறுத்தாது, காதுக்கு உடனே உறுத்தும். ஒரே பத்தியில் மூன்று முறை வரும் 'என்பது', தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் 'ஒரு', 'செய்தார்கள்' என்றாலே போதும் என்ற இடத்தில் 'மேற்கொள்ளப்பட்டது' என்று நீளும் வினை, எல்லாம் கேட்கும்போதுதான் வெளியே வருகின்றன. நான் வேகத்தைச் சற்றுக் குறைத்து, திரையைப் பார்க்காமல் கேட்பேன். உறுத்தும் பத்தியில் ஒரு குறி மட்டும் போட்டுவிட்டு மேலே போவேன். இடையிலேயே திருத்த உட்கார்ந்தால் கட்டுரையின் ஓட்டம் காதை விட்டுப் போய்விடுகிறது.

இதன் குறையும் தெளிவானது. 'பந்து' என்பதை 'பன்து' என்று தட்டியிருந்தாலும் காது கண்டுபிடிக்காது. ர, ற குழப்பமும் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கேதான் நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் உருவாக்கிய கருவிகள் வேண்டியிருக்கின்றன. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி. இரண்டையும் மனதார பரிந்துரைக்கிறேன். ஆனால் எந்தக் கருவி காட்டும் திருத்தத்தையும் அப்படியே ஏற்க முடியாது. 'வேலை தேடினான்' என்றால் பணி தேடினான். 'வேலைத் தேடினான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடினான். ஒற்று மிக வேண்டுமா என்பதைப் பொருள்தான் முடிவு செய்கிறது. அந்தப் பொருள் எழுதியவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதே இல்லை. 'ஔவை' என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாக அடிக்காமல், ஒ, ள என்று இரண்டாக அடித்தாலும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டும் வேறு. தேடினால் கிடைக்காது, மொத்தமாக மாற்றினால் சில இடங்கள் விடுபடும். 'கௌ' என்பதை 'கெள' என்று அடிப்பதும் இதே வகைதான். எனவே கடைசிச் சுற்றில் இவற்றைத் தனியாகத் தேடிவிடுகிறேன்.

வரிசை மிக முக்கியம். முதலில் எந்தப் பத்தி வேண்டும், எது வேண்டாம் என்ற முடிவு. அப்புறம் காதால் கேட்டு வாக்கியத்தைச் சரிசெய்வது. எழுத்தும் சந்தியும் கடைசியில்தான். நீக்கப்போகும் பத்திக்கு ஒற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது மட்டுமல்ல, உழைத்துவிட்டோமே என்று அந்தப் பத்தியை நீக்கவும் மனம் வராது. வெட்டியதை அழிக்காமல் ஆவணத்தின் அடியில் 'வெட்டியவை' என்ற தலைப்பில் ஒட்டிவைக்கிறேன். எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தால் கை தயங்காமல் வெட்டுகிறது. உண்மையில் அங்கிருந்து திரும்ப எடுத்தது மிகக் குறைவு.

சரி, எப்போது நிறுத்துவது? இதற்குக் கூகுள் டாக்ஸின் பதிப்பு வரலாறு உதவுகிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தப் பதிப்புக்குப் பெயரிட்டு வைப்பேன். புதிய சுற்றில் செய்யும் மாற்றங்கள், முந்தின சுற்றில் மாற்றியதையே பழையபடி வைப்பதாக இருந்தால் வாக்கியத் திருத்தம் முடிந்தது. அதன்பின் பெயர்கள், ஆண்டுகள், மேற்கோள்கள் ஆகியவற்றை மட்டும் மூலத்தோடு ஒப்பிடுகிறேன். அந்தச் சுற்றில் வாக்கியத்தைத் தொடுவதில்லை. அப்படித் தொட்டே ஆக வேண்டியிருந்தால், அந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை குரலில் ஓடவிட்டுக் கேட்டுவிடுகிறேன்.