சந்தைக் கிம்ச்சியா, பாக்கெட் கிம்ச்சியா?

கிம்ச்சி என்றால் உப்பிட்ட கோஸை மிளகாய், பூண்டு சேர்த்துப் புளிக்கவைக்கும் கொரியத் தொடுகறி. போன மாதத்தோடு சந்தைக் கிம்ச்சியை நிறுத்திவிட்டு மறுபடியும் பாக்கெட்டுக்கே திரும்பிவிட்டேன். வழக்கமாக எனக்கு அள்ளிக் கொடுக்கும் இமோவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இமோ என்றால் அம்மாவுடன் பிறந்த அக்காவோ தங்கையோ. கொரியாவில் சாப்பாட்டுக் கடையிலும் சந்தையிலும் நடுத்தர வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம்மூரில் பூக்காரரை அக்கா என்பதைப் போல.

நான் இருப்பது சுவோனில், ‘ஒன்-ரூம்’ என்று இங்கே சொல்கிற ஒற்றை அறையில். வீட்டோடு வந்த ஃப்ரிட்ஜ் என் இடுப்பு உயரம்தான். ஒரே ஆள். காலையில் முட்டையோடு கொஞ்சம், இரவில் சோற்றோடு கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை தயிர்சாதத்தோடு தாராளமாக. மாதம் இரண்டு கிலோவுக்கு மேலேயே தீரும். ஊரில் கேட்பவர்கள் ‘ஊறுகாய் இரண்டு கிலோவா?’ என்று வாயைப் பிளக்கிறார்கள். கிம்ச்சி ஊறுகாய் இல்லை. இலை ஓரத்தில் தொட்டுக்கொள்ள வைப்பதில்லை, பொரியல் மாதிரி எடுத்துச் சாப்பிடுவது. அதனால் வாங்கியது மூன்று, நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகிவிட்டது.

விலை, சௌகரியம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாக்கெட் வீட்டு வாசலுக்கே வரும், சந்தைக்குப் போய் வர அரை நாள் போகும். சந்தையில் அளவாக வாங்கலாம், பேரமும் கொஞ்சம் நடக்கும். இரண்டையும் விட மலிவானது சீனாவிலிருந்து வரும் பெட்டிக் கிம்ச்சி, பாதி விலைகூட இருக்காது. சாதாரண உணவகங்களில் பல, சோற்றோடு இலவசமாக வைப்பது அதைத்தான். சுவரில் தொங்கும் பலகையில் கிம்ச்சியின் கோஸ் எந்த நாடு, மிளகாய்த்தூள் எந்த நாடு என்று எழுதிவைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எனக்கு அதன் மேல் வெறுப்பில்லை, வறுத்த சோற்றுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் தினமும் பச்சையாகச் சாப்பிட எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆக, போட்டி சந்தைக்கும் பாக்கெட்டுக்கும்தான்.

முதலில் சந்தை. சுவோன் கோட்டையின் தெற்கு வாசலான பல்தல்முன் பக்கத்தில் மொத்கோல் சந்தை இருக்கிறது. நீளமான ஒரே சந்து, பாதிக் கடைகள் பன்சான் எனப்படும் தொடுகறிக் கடைகள். இமோ முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டிருப்பார். நாம் நின்றதும் தொட்டியிலிருந்து ஒரு தண்டைக் கிழித்து, சுருட்டி, நேராக வாய்க்குள் வைத்துவிடுவார். மறுக்க முடியாது. பிறகுதான் கேள்வி வரும்: பழுத்ததா, பழுக்காததா?

ஆமாம், கொரிய மொழியில் கிம்ச்சி பழுக்கும். பழம் பழுத்தாலும், இறைச்சி வெந்தாலும், கிம்ச்சி புளித்தாலும் ‘இக்தா’ என்ற ஒரே வினைதான். கோஸுக்கு இங்கே பெயர் ‘பேச்சு’ என்பதால், பேச்சு பழுத்துவிட்டதா என்று கேட்பது முதல் வருடம் முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அந்த வினையில்தான் விஷயமே இருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

நம்ம தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கடுத்த நாள் வெங்காயம் அள்ளிப்போட்டு ஊத்தப்பம், அதற்கும் மேலே போனால் பணியாரம். மாவு ஒன்றுதான், வயதுதான் வேறு. கிம்ச்சியும் அப்படியே. போட்ட அன்றே சாப்பிடுவது கொத்ஜொரி. கோஸ் கோஸாகவே இருக்கும், மிளகாயும் பூண்டும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு, மூன்று வாரம் குளிரில் இருந்தால் எல்லாம் ஒன்று சேர்ந்து, கடித்தால் நாக்கில் சோடா போல லேசாகச் சுரீர் என்கும். முதலில் வேலை செய்யும் லியூகோனோஸ்டாக் வகை நுண்ணுயிர்கள் புளிப்போடு கரியமில வாயுவையும் விடுவதால் வரும் சுரீர் அது. அதன் பிறகு லாக்டோபேசிலஸ் கூட்டம் கை ஓங்கும், வாயு குறையும், புளிப்பு மட்டும் ஏறும். அப்போது அது குழம்புக்குப் போக வேண்டிய கிம்ச்சி. ஆறு மாதம், ஒரு வருடம் என்று வைத்தால் முகுன்ஜி. பன்றி இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைக்க அதைவிட ஒன்று கிடையாது.

அப்படியானால் நல்ல கடைக் கிம்ச்சி எது என்ற கேள்வியைச் சுவையை வைத்து மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். அந்த நடுக்கட்டம், அதாவது சுரீர் என்கும் காலம், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் நிற்கிறது? எனக்கு எல்லாம் இதில்தான் முடிவானது.

கொரியக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதில்லை. கிம்ச்சிக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் வைத்திருப்பார்கள். 1995-இல் டிம்சே என்ற பெயரில் வந்தது பிரபலமாகி, இப்போது அடுக்குமாடி வீடுகளில் சாதாரணம். மண்ணில் புதைத்த ஜாடியின் குளிரைப் போல, பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கு ஒரு டிகிரி கீழேயோ அசையாமல் வைத்திருக்கும். உப்பு இருப்பதால் கிம்ச்சி உறையாது, பழுப்பதும் மெதுவாகிவிடும். என் இடுப்பு உயரப் பெட்டியோ நான்கு, ஐந்து டிகிரியில் ஓடுவது, பால் எடுக்கத் திறந்தால் இன்னும் ஏறுவது.

சந்தைக் கிம்ச்சி அந்தப் பெட்டிக்குள் வந்தால் என்ன ஆகிறது? முதல் வாரம் அமிர்தம். பாக்கெட் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இமோவின் கையில் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் தாராளம், கருவாட்டு மணம் போன்ற அந்த மீன்சாற்று வாசம் தூக்கலாக வரும். ஆனால் பத்தாம் நாள் வாக்கில் ஓட ஆரம்பிக்கும். ஏற்கெனவே தொட்டியில் பாதி பழுத்தது, பேருந்தில் அரை மணி நேரம் வெயில் பார்த்தது, வீட்டில் நினைத்தபோதெல்லாம் திறந்து மூடியது, எல்லாம் சேர்ந்து புளிப்பு தாவும்.

ஒரு ஜூலையில் மூன்று கிலோ வாங்கி வந்து, கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையோடே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நான்கு நாள் பூசானுக்குப் போய்விட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், பை பலூனாகி, முடிச்சு வழியாகக் கசிந்து, கீழ்த் தட்டில் சிவப்புக் குளம். முட்டை அட்டை நனைந்திருந்தது. மூடிய பால் பாட்டிலுக்குக்கூட பூண்டு வாசம் வந்துவிட்டது, எப்படி என்று இன்றுவரை புரியவில்லை. எலுமிச்சைத் தோல், சமையல் சோடா, காப்பித்தூள் என்று எல்லாம் வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் என் சாம்பார் சாம்பாராக இல்லை.

இப்போது பாக்கெட். இதில் நான் அதிகம் வாங்கியது ஜொங்கா. 1988-இல் ஜொங்காஜிப் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது தேசாங் நிறுவனத்துடையது. முதல் பாக்கெட்டைப் பிரித்த நாள் நினைவிருக்கிறது. வேறு கம்பெனியோ இதுவோ மறந்துவிட்டது, உள்ளே ஒரு சின்ன வெள்ளை உறை. கூடுதல் மசாலா போலிருக்கிறது என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். ‘சாப்பிடக் கூடாது’ என்று அதன் மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்ததால் பிழைத்தேன். உள்ளே இருப்பது சுண்ணாம்பு. நீற்றுச் சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்ற பள்ளிக்கூட வேதியியல்தான். கிம்ச்சி விடும் வாயுவை அது குடிப்பதால் பை உப்புவதில்லை. சில கம்பெனிகள் மூடியில் சின்ன வாயுத் துளை வைத்த பிளாஸ்டிக் ஜாடியில் விற்கின்றன. அது அழகு, ஆனால் என் ஃப்ரிட்ஜில் நிற்க இடமில்லை.

பாக்கெட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு உண்மைக் காரணம் தேதி. பெரும்பாலான பாக்கெட்டுகளில் தயாரித்த நாள் அச்சாகியிருக்கும். சந்தைத் தொட்டியில் அது இமோவுக்கு மட்டும்தான் தெரியும். தயாரித்து ஒரு வாரத்துக்குள் இருப்பதை எடுத்துவந்து, பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், பின்பக்கச் சுவரை ஒட்டி வைப்பேன். இரண்டாவது வாரம் பிரிப்பேன். அங்கிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் அந்தச் சுரீர் நிற்கிறது. என் பெட்டியில், என் கணக்கில். உங்கள் பெட்டி இன்னும் குளிர்ச்சி என்றால் நாள் கூடலாம். தேதி நெருங்கிய பாக்கெட்டைச் சூப்பர்மார்க்கெட்டில் மாலையில் விலை குறைத்து அடுக்குவார்கள். பலர் அதைக் கெட்டுப்போகப் போவது என்று ஒதுக்குகிறார்கள். கிம்ச்சிக்குழம்பு வைக்க எனக்கு அதுதான் வேண்டும், பழுக்கவைக்கும் வேலையைக் கடைக்காரரே செய்து, விலையையும் குறைத்துத் தருகிறார்.

இதில் ஒரு நிபந்தனை. வாங்குவது பொகியாக இருக்க வேண்டும், அதாவது வெட்டாத முழுக் கோஸ் அல்லது அரைக் கோஸ். வெட்டி வரும் மத்கிம்ச்சி சோம்பேறிக்கு வரம்தான். ஆனால் வெட்டுப்பட்ட பக்கங்கள் அதிகம் என்பதால் சீக்கிரம் தளர்ந்து புளிக்கிறது. ஒரு வாரத்தில் காலி செய்வீர்களானால் வெட்டியது வாங்குங்கள், தப்பில்லை. பொகியை ஒவ்வொரு தடவையும் ஒரு கால் பங்கு மட்டும் எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு, மீதியை அமுக்கிச் சாறுக்குள் மூழ்கவைத்து மூட வேண்டும். பாட்டி ஊறுகாய் ஜாடிக்குச் சொன்னதெல்லாம் இங்கேயும் செல்லும்: ஈரக் கை கூடாது, சாப்பிட்ட கரண்டி கூடாது. காற்றுப்பட்ட மேல்பக்கத்தில் வெள்ளையாக ஏடு படிந்தால் அதன் பெயர் கொல்மாஜி, ஒரு வகை ஈஸ்ட். பொதுவாக வழித்துப் போட்டுவிட்டு, கழுவிக் குழம்பில் போடுகிறார்கள். பச்சை, கறுப்பு என்று நிறமாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

ஜொங்காவா, இன்னொரு பெரிய கம்பெனியான பிபிகோவா என்று கேட்டால் என் நாக்குக்கு ஜொங்கா தெளிவு, பிபிகோ மசாலா தூக்கல். கொரிய நண்பர்கள் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் அம்மா செய்வதைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். புல்முவோன் நான் வாங்கியதே இரண்டு முறை, காரம் மிதமாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சந்தையிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். தென்மேற்கே ஜொல்லா பக்கத்துக் கைப்பக்குவம் என்றால் உப்பும் மீன்சாறும் கூடுதல், தலைநகர் சோல் பக்கம் மிதம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. கிம்ச்சி கோஸ்தானே என்று நம்பிவிடாதீர்கள். சேவுஜொத் என்றால் உப்பிலிட்ட இறால், மியோல்ச்சி எக்ஜொத் என்றால் நெத்திலிச் சாறு. இரண்டில் ஒன்றாவது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். பாக்கெட்டில் இறால் என்பது ஒவ்வாமைப் பட்டியலில் தனியாக அச்சாகியிருக்கும். சந்தையில் கேட்டால், ‘கொஞ்சம்தான்’ என்று அன்பாகப் பதில் வரும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்தக் ‘கொஞ்சத்தை’ ஆறு மாதம் சாப்பிட்டார். வீகன் என்று குறித்த பாக்கெட்டுகள் வந்துவிட்டன. பௌத்தக் கோயில் பாணியில் செய்தது கிடைத்தால் அதில் பூண்டு, வெங்காயத்தாள்கூட இருக்காது. அந்த மடங்கள் விலக்கும் ஐந்து காரப் பொருள்களில் ஹுங்கொ என்ற ஒன்று உண்டு. அது நம் பெருங்காயம் என்று தெரிந்த அன்று என் ரசப்பொடி டப்பாவை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

பாக்கெட் கைவிட்ட காலமும் உண்டு. 2024 செப்டம்பரில் வெயிலில் மலைத்தோட்டக் கோஸ் காய்ந்து விலை எகிறியபோது, வீட்டில் கிம்ச்சி போடுகிறவர்களும் பாக்கெட்டுக்குப் பாய்ந்தார்கள். ஆன்லைனில் பல நாள் ‘இருப்பு இல்லை’. அப்போது சந்தையில் பணம் கூடக் கொடுத்தால் கிடைத்தது. இமோ எனக்கென்று ஒரு கால் கோஸ் எடுத்துவைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழுக்கவைத்துச் சாப்பிடும் கோஸ் தவிர மற்றதற்கெல்லாம் இன்றைக்கும் சந்தைதான். முள்ளங்கியைச் சதுரமாக வெட்டிய கக்துகி, கோடையில் இளம் முள்ளங்கிக் கீரையில் போடும் யொல்மு கிம்ச்சி, அன்றே கலந்த கொத்ஜொரி. பாக்கெட் கக்துகி எனக்கு எப்போதுமே கொஞ்சம் தளர்வாகத்தான் அமைந்திருக்கிறது, என் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இவற்றை அரைக் கிலோ வாங்கினால் ஐந்து நாளில் தீர்ந்துவிடும், பழுக்க நேரமே கிடைக்காது.

போன சனிக்கிழமையும் போனேன். கக்துகியை எடைபோட்டுக்கொண்டே, பொகி வேண்டாமா என்றார் இமோ. ஃப்ரிட்ஜ் சின்னது என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு தண்டைக் கிழித்துச் சுருட்டி வாய்க்குள் வைத்தார்.