300 ஓம் ஹெட்போனுக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்? கோத்தகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் கோத்தகிரியில் மாலைநேரக் கரண்டை நம்பி எதையும் தொடங்க முடியாது. எங்கோ ஒரு கற்பூர மரம் கம்பியின் மேல் சாய்ந்திருக்கும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் தேடியபோது விலை, ஒலித்தரம் இவற்றோடு, அது எதில் ஓடுகிறது என்பதையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன். 1997-இல் வந்த மாடல், அதன் மின்தடை 300 ஓம். தடை கூடினால் ஒலிக்க அதிக வோல்ட் வேண்டும். 300 ஓம் என்றதும் பெரிய ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் முடியாது என்று பலர் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டால் பயம் பாதி குறையும். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள், அதாவது போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் சிறு கருவி, 1 வோல்ட் வரை தரும். 300 ஓமுக்கு அது சுமார் 3.3 மில்லிவாட். இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் கொடுப்பதால், உச்சத்தில் ஏறக்குறைய 102 டெசிபல் கிடைக்கும். இன்றைய திரைப்பாடல்களுக்கு இது தாராளம். பழைய கச்சேரிப் பதிவுகளில்தான் சிக்கல். அவை தாழ்ந்த அளவில் பதிவானவை. ஆலாபனை மெல்லத் தொடங்கும்போது, முழு ஒலியில் வைத்தும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கை தேடும். சில ஆண்ட்ராய்டு போன்களில் இந்த டாங்கிளின் முழு ஒலி கிடைப்பதும் இல்லை. ஆனாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு இவ்வளவு சுத்தமான ஒலி என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்தது ஜேடிஎஸ் லேப்ஸ் நிறுவனத்தின் ‘ஆட்டம்’ (Atom) என்ற ஆம்ப்ளிஃபயர். 2018-இல் 99 டாலருக்கு வந்தது. 32 ஓமில் 1 வாட் தரும். எச்டி 600-க்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. இரைச்சலே கேட்காது. ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் இதுதான் முதலிடம். ஆனால் சுவர் மின்சாரம் இல்லாமல் இது ஓடாது. அதன் அடாப்டரும் நம் வீட்டு ரூட்டரின் அடாப்டர் போன்றதல்ல. மாறுமின்சாரத்தை (ஏசி) நேர்மின்சாரமாக (டிசி) மாற்றாமல், மாறுமின்சாரமாகவே குறைத்துத் தரும் வகை. ஊரில் கேட்டால் கடைக்காரர் டிசி அடாப்டரைத்தான் எடுத்து நீட்டுவார். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த வேறொரு ஆம்ப்ளிஃபயரின் 120 வோல்ட் அடாப்டரை என் நண்பர் நம் 230 வோல்ட்டில் செருகினார். கருகிய வார்னிஷ் வாடை இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் முதலில் அடாப்டரின் எழுத்துகளைப் படியுங்கள்.

மூன்றாவது, என் மனதுக்கு நெருக்கமானது: ஓ2 (O2) என்ற ஆம்ப்ளிஃபயர். பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 2011-இல் வரைபடத்தோடு எல்லோருக்கும் திறந்துவைத்த வடிவமைப்பு. சுவர் மின்சாரத்தில் 7 வோல்ட் அளவுக்குத் தரும். பேட்டரியில் அதைவிடக் குறைவு, ஆனாலும் டாங்கிளைவிட நன்றாகவே அதிகம். உள்ளே இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். கரண்ட் போனால் அவை தாமாகவே பொறுப்பேற்கும். போன மழைக்காலத்தில் தெருவே இருண்ட ஒரு மாலையில், போன், டாங்கிள், ஓ2 மூன்றும் வரிசையாக ஓடிக்கொண்டிருக்க, தம்புராவின் இழை ஓரிடத்திலும் அறுபடவில்லை. பெட்டியின் சிறு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சால்டரிங் தெரிந்தவர் உதிரிபாகங்களைக் கோவையில் வாங்கித் தாமே கட்டலாம். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேயே கிடைக்கும்.

பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற கண்ணாடிக் குழாய்களில் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் 300 ஓமோடு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் விலை நான் வைத்திருந்த வரம்பைத் தாண்டும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்டி 600 திறந்த முதுகு கொண்டது, அதாவது காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடப்படாதது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்த ஓசை அப்படியே காதுக்குள் வரும். அப்போது வலுவான ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழை விடும்வரை காத்திருங்கள்.

வாங்கும் வரிசையைக் கேட்டால், முதலில் டாங்கிள். அது வீணாகாது, ஆட்டம், ஓ2 இரண்டுக்குமே போனிலிருந்து ஒலியை எடுத்துக்கொடுக்க அது வேண்டும். ஒரு மாதம் கேளுங்கள். போதவில்லை என்றால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு ஆட்டம், இல்லாத வீட்டுக்கு ஓ2. ஓ2-வில் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு (NiMH) பேட்டரிகளையே போடுங்கள். சாதாரண அல்கலைன் பேட்டரி உள்ளே இருக்கும்போது அடாப்டரைச் செருகவே கூடாது.