ஒரு வருடக் குத்தகையா, மூன்று வருடமா: கிளவுட் பில்லைக் குறைக்க எதை வாங்கலாம்?

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள் பூ விடுவதற்கு முன்னாலேயே பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பேசினால் வருடத்துக்கு இவ்வளவு குறைச்சல் என்று கணக்கு. என் பெரியப்பா 2011 தொடக்கத்தில் அப்படித்தான் மூன்று வருடத்துக்குப் பேசினார். ஒரு காய்ப்பு எடுத்தார். டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, தோப்பில் நின்ற மரங்களை விட விழுந்தவைதான் அதிகம். தோப்புக்காரர் மீதி இரண்டு வருடப் பணத்தைத் தரவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை. குத்தகை என்றால் அதுதானே.

புதுச்சேரியில் பள்ளிக் கட்டண மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர்களையும் அதன் பில்லையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கிளவுட்காரர்கள், இத்தனை வருடத்துக்கு எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் வாடகையில் தள்ளுபடி தருவார்கள். அவர்கள் விற்கும் ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ், சேவிங்ஸ் பிளான், கமிட்டட் யூஸ் டிஸ்கவுண்ட் எல்லாமே பெயர் மாற்றிய குத்தகைதான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

முதலில், எதையுமே வாங்காமல் இருப்பதும் ஒரு வழி, அதை யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். டெவலப்பர்கள் சோதனைக்கு வைத்திருக்கும் மெஷின்கள் நிஜமாக வேலை செய்வது ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், ஆக 60. மீதி 108 மணி நேரம் அணைத்து வைத்தால் அந்த மெஷின்களின் பில்லில் 64% போய்விடும், எந்தக் கையெழுத்தும் இல்லாமல். மூன்று வருடக் குத்தகைக்கு விளம்பரப்படுத்தும் உச்சத் தள்ளுபடிக்குக் கிட்டத்தட்ட சமம் இது. டிஸ்க்குக்கான காசு ஓடிக்கொண்டுதான் இருக்கும், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் 2024 பிப்ரவரியிலிருந்து, விடாமல் பிடித்து வைத்திருக்கும் பப்ளிக் ஐபிவி4 இணைய முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் தனி. இருந்தாலும் முதல் வேலை இதுதான். இரவில் அணைக்க வேண்டிய மெஷினுக்குக் குத்தகை எடுப்பது ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கடைக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிற கதை.

சரி, 24 மணி நேரமும் ஓடியே ஆக வேண்டிய மெஷின்களுக்கு வருவோம்.

ஏடபிள்யூஎஸ்ஸில் பழையது ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ், 2009-லிருந்து இருக்கிறது. புதியது சேவிங்ஸ் பிளான், 2019 நவம்பரில் வந்தது. முன்னதில் "இந்த ரீஜனில் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்), இந்த வகை மெஷின், இத்தனை" என்று எழுதிக் கொடுக்கிறோம். பின்னதில் "மணிக்கு இத்தனை டாலர் செலவு செய்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறோம், எத்தனை மெஷின் என்று எண்ணிச் சொல்வதில்லை. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை. இசி2 என்பது அவர்களுடைய வாடகை சர்வர்களின் பெயர். இசி2 இன்ஸ்டன்ஸ் சேவிங்ஸ் பிளானில் மெஷின் குடும்பமும் ரீஜனும் பூட்டப்படும், தள்ளுபடி 72% வரை. கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் ரீஜன், குடும்பம் எதையும் கேட்காது, சர்வரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டாத ஃபார்கேட், லாம்ப்டா சேவைகளுக்கும் பாயும், தள்ளுபடி 66% வரை. இந்த "வரை" என்ற சொல்லில்தான் வித்தை இருக்கிறது. அந்த உச்சமெல்லாம் மூன்று வருடத்துக்கு முழுப் பணத்தையும் முன்னால் கட்டினால்தான். ஒரு வருடம், முன்பணம் இல்லை என்றால் சாதாரண மெஷின்களுக்கு முப்பதை ஒட்டித்தான் நிற்கும்.

அந்த முப்பதை வைத்து ஒரு கணக்கு. வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 70%, அதாவது 6,132 மணி நேரமாவது அந்த மெஷின் தேவைப்பட்டால்தான் குத்தகை லாபம். அந்த மெஷின் எந்த வாடிக்கையாளருக்காக ஓடுகிறதோ அவர் எட்டரை மாதத்துக்குள் போய்விடுவார் என்று சந்தேகம் இருந்தால் ஆன்-டிமாண்டிலேயே, அதாவது வாக்கு எதுவும் இல்லாத முழு விலையிலேயே, விட்டுவிடுங்கள்.

இசி2-வுக்கு மட்டும் என்றால் நான் கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் பக்கம்தான். ஆறு புள்ளி தள்ளுபடி போனாலும் போகட்டும், நாளைக்கு இன்டெல் சிப்பை விட்டு ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்தச் சிப்பான கிராவிட்டானுக்கு மாறினாலும் அது கூடவே வரும். ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் பக்கம் நான் இன்னும் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, ரீஜனுக்குள் ஒரு குறிப்பிட்ட ஜோனில் இடம் உறுதியாக வேண்டும் என்றால், ஜோன் குறிப்பிட்டு வாங்கும் ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் அந்த இடத்தையும் பிடித்து வைக்கும், சேவிங்ஸ் பிளான் விலையை மட்டுமே குறைக்கும். இன்னொன்று டேட்டாபேஸ். ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் பில்லைக் கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் தொடவே தொடாது. எங்களுக்கு டேட்டாபேஸ்தான் ஆண்டுக்கணக்கில் அசையாமல் ஓடுகிற பொருள், அதனால் அதற்கு ஒரு வருட ரிசர்வ் எடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தப்பாக வாங்கிவிட்டால்? ஸ்டாண்டர்டு ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸை ஏடபிள்யூஎஸ்ஸின் மார்க்கெட்பிளேஸில் வேறொருவருக்கு விற்கலாம் என்று பல கட்டுரைகளில் எழுதியிருக்கும். அதற்கு அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும், அதோடு ஏடபிள்யூஎஸ் இந்தியா வழியாகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு விற்கும் வசதியே கிடையாது. நம்மூர்க்காரர்கள் அந்த யோசனையைத் தாண்டிப் போகலாம். சேவிங்ஸ் பிளானை 2024-லிருந்து ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம், வாக்குக் கொடுத்த தொகை மணிக்கு 100 டாலரோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், அதே காலண்டர் மாதமாகவும் இருக்க வேண்டும். அதாவது 31-ஆம் தேதி மாலை வாங்கினால் மறுநாள் கதவு சாத்தியாச்சு. நான் இப்போதெல்லாம் மாத முதல் வாரத்தில்தான் வாங்குகிறேன்.

திருப்பித் தருவதில் தாராளம் என்றால் மைக்ரோசாஃப்டின் அஷூர்தான். அங்கே ரிசர்வேஷனை (ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் மாதிரியான ஒப்பந்தம்) ரத்து செய்யலாம், 12 மாதத்துக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பு இருக்கிறது, எங்களை மாதிரி கம்பெனிக்கு அது எட்டாத உயரம். ஆனால் 2022-ல் அவர்கள் கொண்டுவந்த சேவிங்ஸ் பிளானுக்கு இந்தச் சலுகை இல்லை, வாங்கினால் வாங்கியதுதான். ரிசர்வேஷனைக் கொடுத்துவிட்டு சேவிங்ஸ் பிளானுக்கு மாறலாம், திரும்பி வர முடியாது. அதனால் அஷூரில் என் வரிசை தலைகீழ்: முதலில் ரிசர்வேஷன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூகுள் கிளவுட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. என்1, என்2 மாதிரி சில வகைகளை மாதம் முழுக்க ஓட்டினால் கேட்காமலேயே தள்ளுபடி விழும், என்1-க்கு 30% வரை, என்2-க்கு 20% வரை. மலிவு என்று எல்லோரும் எடுக்கும் இ2-வுக்கு அது கிடையாது. ஒப்பந்தம் போட்டால் ஃபிளெக்சிபிள் வகையில் ஒரு வருடத்துக்கு 28%, மூன்று வருடத்துக்கு 46%. குறிப்பிட்ட ரீஜன், குறிப்பிட்ட மெஷின் வகை என்று கட்டிக்கொண்டால் பொதுவான மெஷின்களுக்கு 37-ம் 55-ம். ரத்து என்ற பேச்சே கிடையாது.

கிளவுட்காரர்களிடம் மீந்து கிடக்கும் ஸ்பாட் மெஷின்கள் 90% வரை மலிவு, ஆனால் ஏடபிள்யூஎஸ்ஸில் இரண்டு நிமிடம் முன்னால் சொல்லிவிட்டுப் பிடுங்கிக்கொள்வார்கள், மற்ற இரண்டிலும் 30 விநாடிதான். இரவில் ரிப்போர்ட் தயாரிக்க ஓகே, கட்டணம் கட்டும் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், முன்பணம். முழுப் பணத்தையும் கட்டினால் முன்பணம் இல்லாத நோ அப்ஃபிரன்ட்டை விட ஐந்து சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத் தொகையை இன்றே கட்டுவது என்றால் சராசரியாக ஆறு மாதம் முன்னால் கட்டுகிறோம், ஆக அது வருடத்துக்குப் பத்து சதவீத வட்டி மாதிரி. வங்கியில் எஃப்டியில் சும்மா கிடக்கும் பணம் என்றால் கட்டிவிடலாம், ஓவர்டிராஃப்டில் ஓடும் கம்பெனி என்றால் கூடாது. 18% ஜிஎஸ்டியும் அன்றைக்கே சேர்ந்து போகும், பிறகு கிரெடிட் எடுத்தாலும் அந்த மாதம் கையில் இருக்காது. எங்கள் கணக்காளர் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். சேவிங்ஸ் பிளானில் நாம் எழுதும் டாலர், தள்ளுபடி கழித்த பிறகு வரும் விலை. ஆன்-டிமாண்டில் மணிக்கு 1 டாலர் ஆகிறது, தள்ளுபடி 28% என்றால் எழுத வேண்டியது 0.72. ஒன்று என்று எழுதினால் 0.28 ஒவ்வொரு மணிக்கும் காற்றில் போகும், ஏனென்றால் இந்த மணி நேரத்தில் மீந்தது அடுத்த மணிக்கு வராது. எவ்வளவு வாங்கலாம் என்று ஏடபிள்யூஎஸ்ஸே காட்டும் பரிந்துரைத் திரையையும் அப்படியே நம்ப முடியாது. அது கடந்த 7, 30 அல்லது 60 நாளைப் பார்த்துச் சொல்லும். எங்களுக்கு ஜூனில் அட்மிஷன், கட்டணம் என்று கூட்டம் தாங்காது, ஜூன் கடைசியில் 30 நாள் கணக்கைப் பார்த்து வாங்கினால் செப்டம்பரில் பாதி சும்மா கிடக்கும். நான் செய்வது: மணிக்கணக்கு வரைபடத்தை எடுத்து, அதிகாலை மூன்று மணிக்கு நிற்கும் அடிமட்டத்தைப் பார்த்து, அதில் முக்கால் பங்குக்கு மட்டும் ஒரு வருடத்துக்கு எடுக்கிறேன். அதையும் ஒரே நாளில் இல்லை, சீட்டுக் கட்டுகிற மாதிரி மூன்று மாதத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில் முடியும், ஒன்று தப்பாகப் போனாலும் மூன்று மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம். முடியும் தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள், மறந்தால் மெஷின் நிற்காது, சத்தமில்லாமல் முழு விலைக்குப் போய்விடும்.

இவ்வளவும் பேசுகிறவன் ஒரு தடவை மூன்று வருடத்துக்கு வாங்கியவன்தான். எந்தக் கிளவுட் என்பது முக்கியமில்லை, தப்பு முழுக்க என்னுடையது. ஒரு இரவு, எட்டரை மணி கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், 3 என்ற வட்டத்தை அழுத்தினால் பச்சை எழுத்தில் காட்டிய சேமிப்புத் தொகை இரண்டு மடங்கு ஆனதைப் பார்த்து வாங்கிவிட்டேன், நான்கு மெஷின், ஒரே வகை. எட்டு மாதத்தில் டெவலப்பர்கள் எல்லாவற்றையும் ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப்புக்கு மாற்றிவிட்டார்கள். புதிய மெஷின்களுக்கும் பில், ஆளில்லாத பழைய நான்குக்கும் பில். பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, "எத்தனை காய்ப்பு பார்த்தே?" என்று மட்டும் கேட்டார்.

அது முடிய இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. காசு கட்டியாயிற்றே என்று அந்த நான்கிலும் பேக்கப் சோதனையும் பழைய ரிப்போர்ட்டுகளும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.