ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம்: நண்பர்களின் கணினி பேஸ்பால் லீகில் பிளேஆஃப் காலம்

வேலூரில் ஒன்றாகப் படித்து, இப்போது காட்பாடி முதல் நியூஜெர்சி வரை சிதறிக் கிடக்கும் பன்னிரண்டு நண்பர்கள், 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' என்னும் கணினி விளையாட்டை வைத்துச் சில ஆண்டுகளாக ஒரு லீக் நடத்தி வருகிறோம். இதில் நாம் மட்டையைச் சுழற்றுவதில்லை. வீரர்களைச் சேர்ப்பது, பேட்டிங் வரிசை அமைப்பது, பந்து வீசும் பிட்ச்சர்களுக்கு முறை வைப்பது ஆகியவை மட்டுமே நம் பொறுப்பு. ஆட்டத்தைக் கணினியே நடத்தி முடித்துப் பந்துக்குப் பந்து விவரத்தைத் தந்துவிடும். இதை உருவாக்கிய மார்கஸ் ஹைன்சோன் ஒரு ஜெர்மானியர் என்பதால், பேஸ்பால் மைதானத்தையே நேரில் பார்க்காத வேலூர்க்காரர்கள் இதில் மூழ்கிக் கிடப்பதைப் பெரிய அதிசயமாகச் சொல்வதற்கில்லை.

அணிகளுக்கெல்லாம் நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள்தாம். ஆரணி, போளூர், சோளிங்கர், வாலாஜா, ஆம்பூர், குடியாத்தம் என்று பட்டியல் நீளும். 1989-இல் ஒருமுறையும் 2019-இல் மறுமுறையும் துண்டாடப்பட்ட வட ஆற்காடு மாவட்டம், எங்கள் லீகில் மட்டும் இன்னும் பாகப்பிரிவினை ஆகாமல் இருக்கிறது.

வழக்கமான பருவத்தில் வேலை சுலபம். லீகை நிர்வகிக்கும் கமிஷனராக இருக்கும் நண்பர், லீகின் கணினிக் கோப்பினை (ஃபைல்) வெளியிடுவார். ஒவ்வொருவரும் அதை இறக்கித் தம் அணியில் மாற்றங்களைச் செய்து திரும்ப ஏற்றுவார்கள். அவர் ஒரே மூச்சில் ஒரு வாரத்து ஆட்டங்களை ஓட்டிவிடுவார். கோப்பினை ஏற்றாதவரின் அணி, பழைய ஏற்பாட்டின்படியே ஆடும். 162 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் குடி முழுகிப் போவதில்லை.

பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃப் தொடங்கியதும் கணக்கே மாறிவிடுகிறது. நீண்ட பருவத்தில் ஓர் அணியைக் காப்பாற்றுவது அதன் ஆழம்: ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டிங் பிட்ச்சர்களில் ஐந்தாமவரும், பெஞ்சில் இருக்கும் இரண்டாவது கேட்ச்சரும் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) சுமாராக ஆடினாலே பல ஆட்டங்கள் தேறும். பிளேஆஃபிலோ ஐந்தாமவருக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. முதல் மூவரின் தோள்வலிமைதான் தொடரைத் தீர்மானிக்கிறது. இதனால் பருவம் முழுவதும் முதலிடத்தில் இருந்த அணி தோற்பது இங்கே சர்வ சாதாரணம். ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் உள்ள அணியை எடுத்துக்கொண்டால், மூன்று ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 57 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஏழு ஆட்டத் தொடராக நீட்டினாலும் 61 சதவீதத்தை எட்டாது. மென்பொருள் யாருக்கோ சாதகமாக இருக்கிறது என்று ஆண்டுதோறும் புலம்பும் நண்பருக்கு இந்தக் கணக்கையும், 2001-இல் 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் மரைனர்ஸ் என்ற அமெரிக்க அணி இறுதித் தொடருக்கே போகாமல் நியூயார்க் யாங்கீஸிடம் வீழ்ந்ததையும் எடுத்துச் சொல்லிவிட்டோம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தொடக்க ஆண்டுகளில் பிளேஆஃபையும் வாராந்திர முறையிலேயே, ஒரு முழுத் தொடரை ஒரே ஓட்டத்தில் முடித்தோம். சோற்றைப் பரிமாறாமல் ஏப்பத்தை மட்டும் கேட்கச் சொன்னதுபோல் இருந்தது அது. பின்னர் ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம் என்று மாற்றினோம். அரையிறுதி ஐந்து ஆட்டம், இறுதி ஏழு ஆட்டம் என்பதால் அதிகபட்சம் பன்னிரண்டு இரவுகள் ஆகும். இந்திய நேரம் இரவு ஒன்பதுக்குள் கோப்பினை ஏற்ற வேண்டும், பத்து மணிக்கு ஆட்டம். நியூஜெர்சி நண்பருக்கு அது பகல் பன்னிரண்டரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு பதினொன்றரை.

இந்த மாற்றத்தின் பயன் என்னவென்று கடந்த இறுதித் தொடரில் கண்ணாரக் கண்டோம். ஆரணிக்கு எதிராகச் சோளிங்கர் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு ஆரணியின் உரிமையாளர், முறைப்படி வரவேண்டிய நான்காம் பிட்ச்சரை ஒதுக்கிவிட்டு, முதல் ஆட்டத்தில் பந்துவீசிய தன் தலைசிறந்த பிட்ச்சரை மூன்றே நாள் ஓய்வில் இறக்கினார். 2014 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) பிட்ச்சர் மேடிசன் பம்கார்னர் இரண்டே நாள் ஓய்வில் வந்து, ஏழாவது ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஐந்து) ரன் கொடுக்காமல் வீசியதை அவர் முன்னதாகவே எங்கள் நண்பர்கள் குழுவில் ஆதாரம் காட்டியிருந்தார். முதல் நான்கு இன்னிங்ஸில் சோளிங்கருக்கு ஒரு ஹிட்கூட (அடித்து பேஸ் சேர்வது) இல்லை. ஐந்தாவதில் வரிசையாக இரண்டு பேருக்கு வாக், அதாவது பந்துகள் சரியாக விழாததால் அடிக்காமலே முதல் பேஸ். அடுத்து வந்தவர் வரிசையில் எட்டாம் இடத்தில் ஆடும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), பருவம் முழுதும் பெரிதாக எதையும் அடிக்காதவர். அவர் இடதுபுறச் சுவர்வரை அடித்து, இரண்டாம் பேஸ் சேரும் டபிள் எடுத்தார். பேஸில் நின்ற இருவரும் வீடு சேர்ந்தார்கள்; இரண்டு ரன். "மச்சி, அவனை இன்னும் ஏன்டா விட்டு வெச்சிருக்க, கை ஓஞ்சு போச்சு பாரு" என்று குடியாத்தம் அணிக்காரர் கத்தினாலும், ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகு யாராலும் எதையும் தொட முடியாது. தொடரை ஒரே ஓட்டத்தில் முடித்திருந்தால் இந்தச் சூதாட்டமே நடந்திருக்காது; பிட்ச்சர்கள் தத்தம் முறைப்படி வந்து போயிருப்பார்கள்.

ஆட்டத்துக்கு நடுவே கைவைக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் பிளேஆஃபின் ருசியே அதில்தான் இருக்கிறது. முந்தைய இரண்டு இரவுகளும் வீசிய குளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்ச்சர்) எவ்வளவு களைத்திருக்கிறார், எதிரணி நாளை இடக்கை பிட்ச்சரை இறக்கினால் அதற்கான தனி வரிசையில் யார் முதலில் ஆடுவது என்பதையெல்லாம் ஒன்பது மணிக்குள் யோசித்து முடித்துவிட வேண்டும்.

நம்பிக்கைப் பிரச்சினை ஒன்றும் இருந்தது. கமிஷனரும் ஓர் அணிக்கு உரிமையாளர். பிடிக்காத முடிவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் யாருக்குத் தெரியும்? வெளிப்படையாக யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனத்திலும் இருந்தது. இப்போது அவர் வீடியோ அழைப்பில் தம் திரையைப் பகிர்ந்தே ஆட்டத்தை ஓட்டுகிறார். சாத்துவாச்சாரியில் இருக்கும் எனக்கு மழைக்காலத்தில் இணையம் நடுவில் அறுந்துபோவது மட்டும் தீராத தலைவலி. அதனால் மின்சாரமோ இணையமோ இல்லாதவர் தொலைபேசியில் சொல்லும் மாற்றத்தைக் கமிஷனர் குழுவில் பதிவிட்டுவிட்டுச் செய்யலாம் என்று ஒரு விதி சேர்த்துள்ளோம்.

புதிதாகத் தொடங்குவோருக்கு இரண்டு சொற்கள். லீகில் உள்ள அனைவரிடமும் ஒரே ஆண்டுப் பதிப்பு இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு பதிப்பு வருவதால், முந்தைய ஆண்டினதை ஸ்டீம் என்னும் இணையக் கடையில் தள்ளுபடியில் வாங்கினாலே போதும். பழைய மடிக்கணினியிலும் ஓடும். பிளேஆஃப் தீபாவளி வாரத்தில் விழாதபடி பருவத்தைத் தொடங்குங்கள். அந்த வாரத்தில் ஒன்பது மணிக்குள் ஆடும் அணிக்காரர்களிடம் கோப்பு வாங்குவது எந்தக் கமிஷனராலும் ஆகாத காரியம்.